பாஸ்னு எழுதிட்டு நடத்தின பரீட்சை

2024 பிப்ரவரி 27, மிச்சிகன்ல பிரைமரி தேர்தல் நாள். மத்தியானம் ஆபீஸ் கேண்டீன்ல எங்க டெஸ்டிங் டீம் லீடு அம்மா, சட்டையில 'நான் ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரோட வந்து எதிர்ல உக்காந்தாங்க. அறுபதை நெருங்குற வயசு. ஆயுசு பூரா ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஹெச்1பி ஆசாமி. இந்த ஊர்ல வரி கட்டலாம், வாசல்ல பனி வாரலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. அதனால ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்களைப் பாத்தா வாயைக் கிண்டாம இருக்க முடியறதில்லை.

"யாருக்குப் போட்டீங்க?"

"யாருக்கும் இல்ல"ன்னாங்க.

மிச்சிகன் பிரைமரி ஓட்டுச்சீட்டுல வேட்பாளர் பேருங்களுக்குக் கீழ 'அன்கமிட்டட்'னு ஒரு கட்டம் உண்டு. 'இவங்க யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கல'ன்னு அர்த்தம். அந்தக் கட்டத்தை நிரப்பிட்டு வந்திருக்காங்க. அந்தத் தடவை அதை நிரப்பினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காரணம் காஸா. டியர்பார்ன் பக்கம் அரபு வம்சாவளி மக்கள் வீடு வீடாப் போய் பிரச்சாரம் பண்ணினாங்க. ஆனா இந்தம்மாவுக்குக் காரணம் வேற.

"போன வருஷம் எங்கப்பாகிட்டருந்து கார் சாவியை வாங்கி வச்சுட்டேன். அவருக்கு 82 வயசு. நல்ல மனுஷன், நல்லா ஓட்டினவர்தான். வாங்கறப்ப அவரும் அழுதாரு, நானும் அழுதேன். இவருகிட்ட யாரு சாவியைக் கேக்கப் போறாங்க? இந்த ஓட்டுச்சீட்டுல அப்படிக் கேக்குற மாதிரி ஒரு பேரும் இல்லையே"ன்னாங்க.

டப்பாவுல இருந்த தயிர்சாதம் அப்படியே நின்னுபோச்சு எனக்கு. அன்னைக்கு ஆரம்பிச்சது இந்தக் கிறுக்கு. பதவியில இருக்குற அதிபருக்கு அவரோட சொந்தக் கட்சியே மறுபடி சீட் கொடுக்குற இந்த பிரைமரிங்கறது என்னதான், எதுக்கு நடத்தறாங்க, நெசமாவே நடத்தறாங்களான்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதை எல்லாம் இங்க கொட்டறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு வரி விளக்கம், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். இங்க கட்சி வேட்பாளர் யாருங்கறதை மாநிலம் மாநிலமா வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. அந்த ஓட்டுக்கு ஏத்தபடி ஒவ்வொரு மாநிலத்துலருந்தும் பிரதிநிதிகள் கட்சி மாநாட்டுக்குப் போவாங்க. மாநாட்டுல எவருக்குப் பாதிக்கு மேல பிரதிநிதிகள் இருக்காங்களோ அவர்தான் வேட்பாளர். பதவியில இருக்குற அதிபர் ரெண்டாவது தடவை நிக்கணும்னாலும் இதே வழியாத்தான் வரணும். சட்டப்படி அவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. சட்டப்படி :-)

இந்த பிரைமரியை ஒரு காலத்துல யாரும் பெருசா மதிக்கல. 1912-ல டாஃப்ட் அதிபரா இருந்தப்போ, அவரை அந்த நாற்காலியில உக்கார வச்ச தியடோர் ரூஸ்வெல்ட்டே எதிர்த்து நின்னாரு. பிரைமரி நடந்த மாநிலங்கள்ல பெரும்பாலானதை ரூஸ்வெல்ட் ஜெயிச்சாரு, டாஃப்டோட சொந்த மாநிலமான ஒஹையோ உட்பட. ஆனா மாநாட்டை நடத்தினவங்க டாஃப்ட் ஆளுங்க. சீட்டு டாஃப்டுக்கே போச்சு. ரூஸ்வெல்ட் கோவிச்சுக்கிட்டுத் தனிக் கட்சி ஆரம்பிக்க, நடுவுல வுட்ரோ வில்சன் ஜெயிச்சுட்டுப் போயிட்டாரு. டாஃப்டுக்குக் கிடைச்சது ரெண்டே மாநிலம், 8 எலக்டோரல் ஓட்டு.

நாப்பது வருஷம் கழிச்சு ட்ரூமன். பிரைமரி எல்லாம் வெறும் 'ஐவாஷ்'னு 1952-ல சொன்னாரு மனுஷன். நம்ம 'கண்துடைப்பு'ங்கற வார்த்தையேதான், அச்சு அசலா. சொன்ன கொஞ்ச நாள்ல நியூ ஹாம்ப்ஷயர்ல கீஃபாவர்ங்கற டென்னஸி செனட்டர்கிட்ட தோத்துப் போனாரு. அதே மார்ச் மாசக் கடைசியில, மறுபடி நிக்கலைன்னு அறிவிச்சுட்டாரு.

ஆனா எனக்கு இந்தக் கதையில நெஞ்சைத் தொடுற இடம் 1968. வியட்நாம் போர் உச்சத்துல இருக்கு. ஜனவரிக் கடைசியில டெட் தாக்குதல். 'போர்ல ஜெயிச்சுக்கிட்டே இருக்கோம்'னு அரசாங்கம் சொல்லிக்கிட்டு இருந்ததெல்லாம் பொய்னு டீவியிலயே தெரிஞ்சுபோச்சு. லிண்டன் ஜான்சன் சாதாரண ஆளில்லை. நாலு வருஷம் முன்னாடி 44 மாநிலத்தை ஜெயிச்சவரு, சிவில் உரிமைச் சட்டம், மெடிகேர்னு கொண்டு வந்தவரு. அவரை எதிர்த்து எந்தப் பெரிய தலையும் நிக்கத் தயாரா இல்லை. ராபர்ட் கென்னடிகிட்ட கெஞ்சிப் பாத்தாங்க, யோசிச்சுக்கிட்டே இருந்தாரு. கடைசியில யூஜின் மெக்கார்த்திங்கற, கவிதை எழுதற, அலட்டிக்காத ஒரு மின்னசோட்டா செனட்டர் நின்னாரு. காலேஜ் பசங்க தாடியை மழிச்சு, தலைமுடியை வெட்டிக்கிட்டு நியூ ஹாம்ப்ஷயர் பனியில வீடு வீடா ஏறி இறங்கினாங்க.

ரிசல்ட்டு என்ன தெரியுமா? ஜான்சன்தான் ஜெயிச்சாரு! ஓட்டுச்சீட்டுல பேரே இல்லாம, கையால எழுதிப் போட்ட ஓட்டுலயே ஏறக்குறைய 49 சதவீதம். மெக்கார்த்திக்கு 42. ஆனா எண்ணி முடிச்ச ராத்திரியே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, தோத்தது யாருன்னு. நாலு நாள்ல கென்னடி குதிச்சாரு. மார்ச் 31-ந் தேதி ராத்திரி ஜான்சன் டீவியில வந்து, வியட்நாமைப் பத்திப் பேசி முடிச்சுட்டு, கடைசியில 'கட்சி கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்'னுட்டாரு.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஜூன்ல கென்னடியைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆகஸ்ட்ல சிகாகோ மாநாடு. வெளிய போலீஸ் தடியடி, உள்ள துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்கு சீட்டு. ஹம்ஃப்ரி ஒரே ஒரு பிரைமரியிலகூட நின்னவர் கிடையாது. அத்தனை பசங்க பனியில நடந்ததுக்கும் ஒரு மதிப்பும் இல்லைன்னு ஆகிப்போச்சு. அந்தக் கோபத்துலதான் மெக்கவர்ன் - ஃப்ரேசர் கமிஷன் வந்துச்சு. 'இனிமே வாக்காளர் போடுற ஓட்டுதான் பிரதிநிதிகளைத் தீர்மானிக்கணும்'னு விதி மாறிச்சு. இன்னைக்கு நாம பாக்குற பிரைமரி முறை அந்தத் தடியடியில பொறந்ததுன்னு சொன்னா தப்பில்லை.

புது விதி வந்தப்புறம் சிட்டிங் அதிபர்களுக்கு வரிசையா வயித்துல புளியைக் கரைச்சாங்க. 1976-ல ஃபோர்டை எதிர்த்து ரீகன். ஃபோர்டு பாவம், டெக்சாஸ்ல பிரச்சாரத்துக்குப் போன இடத்துல டமாலேங்கற பலகாரத்தை சோளத் தோலோட கடிச்சு வச்சாரு. வாழையிலையில வச்சு அவிச்ச அடையை இலையோட முழுங்கின மாதிரி. டெக்சாஸ்ல மண்ணைக் கவ்வினாரு (பலகாரம் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன்). கடைசியில கான்சாஸ் சிட்டி மாநாட்டுல 1187-க்கு 1070-னு மயிரிழையில தப்பிச்சு, நவம்பர்ல கார்ட்டர்கிட்ட தோத்தாரு.

அந்த கார்ட்டருக்கு 1980-ல டெட் கென்னடி. 'எதுக்கு அதிபராகணும்னு ஆசைப்படறீங்க?'ன்னு சிபிஎஸ்ல ரோஜர் மட் கேட்ட சாதாரணக் கேள்விக்குத் திருதிருன்னு முழிச்சவரு கென்னடி. இன்டர்வியூல 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னு கேட்டா முழிக்கிற ஃப்ரெஷர் மாதிரி. ஆனாலும் விடாம மாநாடு வரைக்கும் போனாரு. நியூயார்க், கலிஃபோர்னியா எல்லாம் அவருக்கு விழுந்துச்சு. கார்ட்டரோ, ஈரான்ல பணயக் கைதிகள் இருக்குறப்ப பிரச்சாரம் பண்ண மாட்டேன்னு வெள்ளை மாளிகையிலயே உக்காந்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்ட விவாதத்துலருந்தும் பின்வாங்கிட்டாரு. மாநாட்டுல, 'பிரைமரியில ஜெயிச்ச ஆளுக்குத்தான் பிரதிநிதி ஓட்டுப் போடணும்ங்கற விதியைத் தளர்த்துங்க'ன்னு கென்னடி தரப்பு ஒரு தீர்மானம் கொண்டு வந்து தோத்துச்சு. இந்த விதியை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும். நவம்பர்ல கார்ட்டர் ஜெயிச்சது வெறும் 6 மாநிலமும் தலைநகரும்.

1992-ல அப்பா புஷ்ஷுக்கு பேட் புக்கானன். 'புது வரி போட மாட்டேன்'னு சத்தியம் பண்ணிட்டு வரி போட்ட கோபம். நியூ ஹாம்ப்ஷயர்ல 37 சதவீதம் வாங்கினாரு புக்கானன். ஒரு மாநிலத்தையும் ஜெயிக்கல. ஆனா புஷ் நவம்பர்ல காலி.

இந்த லிஸ்டை வச்சு இங்க ஒரு சாஸ்திரமே உருவாயிடுச்சு. 'சிட்டிங் அதிபரை எதிர்த்துச் சொந்தக் கட்சியில எவனாவது நின்னா, அதிபர் தோப்பாரு.' ஆலன் லிக்ட்மன்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர், தேர்தல் முடிவைச் சொல்ல 13 சாவின்னு ஒரு முறை வச்சிருக்காரு. அதுல ஒரு சாவியே இதுதான்: ஆளுங்கட்சிக்குள்ள சீட்டுக்குப் பெரிய போட்டி இருக்கக் கூடாது. (2024-ல கமலா ஹாரிஸ் ஜெயிப்பாங்கன்னு சொல்லி மாட்டிக்கிட்டாரு, அது வேற விஷயம்.) கட்சி மேனேஜர்களுக்கு இது வேதவாக்கு. அதனால சிட்டிங் அதிபர் இருக்குற வருஷம் வந்தாலே கதவைச் சாத்து, தாழ்ப்பாளைப் போடு.

எனக்கு இங்கதான் பத்திக்கிட்டு வருது.

சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இந்த லாஜிக் நல்லாவே தெரிஞ்சிருக்கும். 'போன ரிலீஸ்ல டெஸ்டிங் டீம் நூறு பக் எழுதினாங்க, ரிலீஸ் ஊத்திக்கிச்சு. அதுக்கு முந்தின ரிலீஸ்லயும் அப்படித்தான். அதனால இந்தத் தடவை டெஸ்டிங் வேண்டாம்.' இப்படி ஒரு மேனேஜர் சொன்னா அவரை என்ன பண்ணுவோம்? (நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில ஏறக்குறைய இதையே ஒருத்தர் சொன்னாரு. ஒண்ணும் பண்ண முடியல, ப்ரமோஷன்தான் கொடுத்தாங்க.) பக் இருக்குறதாலதான் டெஸ்டிங்ல மாட்டுது. டெஸ்டிங் பண்ணினதால பக் வரல. ஜான்சன் வியட்நாமால தோத்தாரு. ஃபோர்டு, நிக்சனுக்குக் கொடுத்த மன்னிப்பைத் தூக்கிச் சுமந்தாரு. கார்ட்டருக்கு விலைவாசியும் ஈரானும். புஷ்ஷுக்கு மந்தநிலை. காய்ச்சல் வந்த உடம்புலதான் தெர்மாமீட்டரை வைப்பாங்க. தெர்மாமீட்டரை ஒளிச்சு வச்சா காய்ச்சல் போயிடுமா?

சாஸ்திரக்காரங்க சொல்லாம விடுற கேஸும் இருக்கு. 1972-ல நிக்சனை எதிர்த்து ரெண்டு பேர், இடது பக்கத்துலருந்து மெக்ளாஸ்கி, வலது பக்கத்துலருந்து ஆஷ்புரூக். மெக்ளாஸ்கி நியூ ஹாம்ப்ஷயர்ல ஏறக்குறைய 20 சதவீதம் வாங்கினாரு. நிக்சன் என்ன ஆனாரு? மாநாட்டுல 1347-க்கு 1, நவம்பர்ல 49 மாநிலம். (அப்புறம் வாட்டர்கேட்ல என்ன ஆனாருன்னு கேக்காதீங்க, அது புரொடக்‌ஷன்ல வந்த வேற பக்.) மறுபக்கம் 2020-ஐப் பாருங்க. குடியரசுக் கட்சியில சவுத் கரோலினா, நெவாடா, அரிசோனா, கான்சாஸ்னு வரிசையா பிரைமரியையே ரத்து பண்ணினாங்க. நடந்த எடத்துல எல்லாம் ட்ரம்ப் வாரிக் குவிச்சாரு. போட்டின்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்லை. நவம்பர்ல தோத்தாரு. ஆக கதவைச் சாத்தினவனும் தோக்குறான், தொறந்து வச்சவனும் ஜெயிக்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் ஒபாமாவோடது. 2012 மே மாசம், வெஸ்ட் வர்ஜீனியா பிரைமரி. ஒபாமாவை எதிர்த்து நின்ன ஒரே ஆளு, டெக்சாஸ்ல ஒரு ஃபெடரல் ஜெயில்ல இருந்த ஒரு கைதி! 2,500 டாலர் கட்டி ஜெயில்லருந்தே மனு போட்டிருக்காரு. அவருக்கு விழுந்தது 40 சதவீதத்துக்கு மேல. ஒபாமா அந்த வருஷம் ஜெயிச்சாரு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நிலக்கரிச் சுரங்க ஊர்கள்ல ஜனநாயகக் கட்சியோட அடித்தளம் எப்படி அரிச்சுப் போயிருக்குன்னு அந்த ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் அப்பவே கத்திச்சு. 2016-ல ஹிலாரி அங்க 40 புள்ளிக்கு மேல வித்தியாசத்துல தோத்தப்போ எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. லாக் ஃபைலை யாரும் தொறந்தே பாக்கல.

சரி, 2024-க்கு வருவோம்.

பைடனுக்கு அப்ப 81 வயசு. இன்னொரு தடவை ஜெயிச்சா, முடிக்கிறப்ப 86. 2023 ஆகஸ்ட்ல ஏபி - என்ஓஆர்சி எடுத்த கருத்துக்கணிப்புல, இன்னும் நாலு வருஷம் ஒழுங்கா வேலை பாக்க இவருக்கு வயசு அதிகம்னு சொன்னவங்க 77 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரங்களை மட்டும் எடுத்தாலும் 69 சதவீதம். எதிர்க்கட்சி ப்ரொபகாண்டான்னு தள்ள முடியாத நம்பர். இதைவிடத் தெளிவா ஒரு பக் ரிப்போர்ட் எழுத முடியாது.

கட்சி என்ன பண்ணிச்சு? முதல்ல வரிசையை மாத்திச்சு. 2020-ல பைடன் அயோவாவுல நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது. சவுத் கரோலினாதான் அவரைத் தூக்கி நிறுத்துச்சு. 2024-ல சவுத் கரோலினாவே முதல்னு ஆயிடுச்சு. கறுப்பின வாக்காளர்களுக்கு முன்னுரிமைங்கறது ஒரு நியாயமான காரணம்தான், நான் மறுக்கல. ஆனா தனக்குச் சுலபமான கேள்வியை முதல் கேள்வியா வைக்கச் சொன்ன மாணவனும் இதுல இருக்காரு. நியூ ஹாம்ப்ஷயர் கேக்காம முன்னாடியே நடத்திச்சு, பைடன் அங்க பேரே கொடுக்கல, ஆதரவாளர்கள் கையால எழுதிப் போட்டு ஜெயிக்க வச்சாங்க. ஃப்ளோரிடாவுல கட்சி ஒரே ஒரு பேரைத்தான் அனுப்பிச்சு. ஒரே பேரு இருந்தா அந்த மாநிலச் சட்டப்படி தேர்தலே கிடையாது. விவாதம்? ஒண்ணுகூட இல்லை.

எதிர்த்து நின்ன எம்.பி. டீன் ஃபிலிப்ஸ். மின்னசோட்டாக்காரர், மெக்கார்த்தி ஊரு. பைடனோட கொள்கையை எல்லாம் ஆதரிச்சு ஓட்டுப் போட்டவரு. 'எனக்கு அவர்மேல கோபம் இல்ல, வயசாயிடுச்சு, ஜெயிக்க மாட்டாரு, அவ்வளவுதான்'ங்கறது மட்டும்தான் அவரு பேச்சோட சாரம். கட்சியில அவரைப் பைத்தியக்காரனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. சவுத் கரோலினாவுல மேரியான் வில்லியம்சனுக்கும் பின்னாடி மூணாவது. சொந்த மாநிலத்துல அன்கமிட்டட்டுக்கும் பின்னாடி. ஆளும் பெரிய பேச்சாளர் இல்லை, அதையும் சொல்லணும்.

நியூசம், விட்மர், பிரிட்ஸ்கர்னு ஆளுநர்கள் வரிசையா இருந்தாங்க. ஒருத்தரும் அசையல. கென்னடி மாதிரி 'நீதான் கெடுத்தே'ங்கற பழி வந்து சேரும்ங்கற பயம். அதே வேலையைப் பண்ணின ரீகன் நாலே வருஷத்துல அதிபராயிட்டாரேன்னு யாரும் யோசிக்கல.

இந்த மொத்தக் கூத்துலயும் பைடன் நெசமாத் தோத்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா. பசிபிக் கடல்ல இருக்குற தீவு. ஜேசன் பால்மர்னு யாருக்கும் தெரியாத ஒரு தொழிலதிபர் 51-க்கு 40-னு ஜெயிச்சாரு. சதவீதம் இல்லீங்க, மொத்தமே 91 ஓட்டு. எங்க அபார்ட்மெண்ட் சங்கத் தேர்தல்ல இதைவிடக் கூட்டம் வரும். ஆனா 1980-ல கென்னடிக்கு அப்புறம் ஒரு சிட்டிங் அதிபரைத் தோக்கடிச்ச முதல் ஆள் அவருதான்னு ரெக்கார்டுல ஏறிடுச்சு.

மிச்சிகன்ல பைடனுக்கு 81 சதவீதம். அன்கமிட்டட்டுக்கு 13 சதவீதம், 1 லட்சத்துக்கும் மேல. பிரச்சாரம் பண்ணினவங்க வச்சிருந்த இலக்கே 10 ஆயிரம்தான். அந்த லட்சத்துல ஒண்ணு, எங்க லீடு அம்மாவோடது.

அப்புறம் ஜூன் 27, அட்லாண்டா. நான் வீட்டுல ரூம்மேட்டோட உக்காந்து பாத்தேன். முதல் பத்து நிமிஷத்துலயே அவன் ரிமோட்டைக் கீழ வச்சுட்டு, "மச்சி, பாக்க முடியலடா"ன்னான். அவனுக்கும் ஓட்டு கிடையாது, எந்தக் கட்சி மேலயும் பாசமும் கிடையாது. ஒரு வயசான மனுஷன் வாக்கியத்தோட பாதியில தொலைஞ்சு போய் நிக்கிறதை அஞ்சு கோடிப் பேர் பாக்குறாங்க. அவரு மேல கோபம் வரல எனக்கு. இதை ஜனவரியிலயே, நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு சின்ன ஹால்ல, நூறு பேர் முன்னாடி பாத்திருக்க வேண்டியவங்க மேலதான் வந்துச்சு. டெஸ்ட் சர்வர்ல கிராஷ் ஆக வேண்டியது நேரா புரொடக்‌ஷன்ல கிராஷ் ஆச்சு.

அதுக்கப்புறம் நடந்த மூணு வாரம்தான் எனக்கு இந்த விஷயத்தோட சாரமே. ஜூலை 8-ந் தேதி பைடன் கட்சி எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுதினாரு. பிரைமரியில 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல ஓட்டு, 87 சதவீதம், 3,900 பிரதிநிதிகள், இதை வாக்காளர்கள் முடிவு பண்ணியாச்சு, பத்திரிகைக்காரங்களும் நன்கொடை கொடுக்குறவங்களும் மாத்த முடியாதுங்கற தொனியில. படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் நியாயமாத்தான் பட்டுச்சு. விதிப்படி ஜெயிச்சவரு அவருதானே? ஆனா கேள்வித்தாளை நீயே தயார் பண்ணி, கூட எழுத வந்தவனை வாசல்லயே நிறுத்தி வச்சுட்டு, 87 மார்க்கைக் காட்டினா அந்த மார்க்குக்கு என்ன மரியாதை? கட்சித் தலைவருங்களே அந்த மார்க்கை நம்பல. நம்பியிருந்தா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 'விலகுங்க'ன்னு சொல்லியிருப்பாங்களா?

ஜூலை 21-ந் தேதி விலகினாரு. இங்கதான் அந்த 1980 விதி திரும்ப வருது. கென்னடி கேட்டு அன்னைக்குக் கிடைக்காத தளர்வு, பின்னாடி 80-கள்ல கட்சி விதியில ஏறிடுச்சு: பிரதிநிதிகள் தங்களைத் தேர்ந்தெடுத்தவங்க எண்ணத்தை 'மனசாட்சிப்படி' பிரதிபலிக்கணும்னு. கட்டாயம்ங்கறது போய் மனசாட்சி வந்துச்சு. அத்தனை வருஷமா யாரும் தொடாம கெடந்த அந்த ஒரு வரியைத்தான், அந்த மூணு வாரமும் ஆளாளுக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. எழுதினவன் என்ன கேஸை நினைச்சு எழுதினானோ.

ரெண்டே நாள்ல பெரும்பான்மைப் பிரதிநிதிகள் கமலா ஹாரிஸ் பின்னாடி போயாச்சு. ஆகஸ்ட் 5-ந் தேதி, மாநாடு கூடுறதுக்கு முன்னாடியே இணையம் வழியா ஓட்டெடுப்பு முடிஞ்சது. எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரே அமர்க்களம். அவங்க தாத்தா ஊரான துளசேந்திரபுரத்து பேனர், கோயில் அர்ச்சனைன்னு போட்டோ கொட்டுது. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். ஆனா 2019 டிசம்பர்லயே, முதல் ஓட்டு விழறதுக்கு முன்னாடியே போட்டியிலருந்து விலகினவங்க அவங்க. 2024-லயும் அவங்க பேருக்குன்னு ஒரு பிரைமரி ஓட்டு விழல. மாநாடு நடந்த ஊரு சிகாகோ. 1968-ல ஒரு பிரைமரியும் நிக்காத ஹம்ஃப்ரிக்கு சீட்டுக் கொடுத்த அதே ஊரு. இந்தத் தடவை தடியடி இல்லை, பலூன் விட்டாங்க.

போட்டி நடந்திருந்தா பைடன் தோத்திருப்பாரான்னு கேட்டீங்கன்னா, நிச்சயமாச் சொல்ல முடியாது. சிட்டிங் அதிபரை பிரைமரியில தோக்கடிக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லை. புது விதி வந்தப்புறம் ஒருத்தரும் சாதிச்சதில்லை. போட்டியால அடிபடும்ங்கறதும் முழுப்பொய் இல்லை. 1980 மாநாட்டு மேடையில கார்ட்டர் கையைத் தூக்கிப் பிடிச்சுக்க கென்னடி பின்னாடியே அலைஞ்ச வீடியோவைப் பாத்தா பாவமா இருக்கும். அது நவம்பர்ல கொஞ்சமாவது ஓட்டைக் கொறைச்சிருக்கும்னு நானும் நம்பறேன். டெஸ்டிங்குக்கும் செலவு உண்டு. ஆனா பைடன் ரெண்டு விவாதத்துல நின்னு சமாளிச்சு ஜெயிச்சிருந்தா, அந்த 69 சதவீதம் பேரோட பயத்துக்கு ஒரு பதில் கிடைச்சிருக்கும். சமாளிக்கலைன்னா, புது ஆளைத் தேட ஆறு மாசம் கிடைச்சிருக்கும். கடைசியில கமலாவுக்குக் கிடைச்சது 107 நாள்.

என்னைக் கேட்டா மூணே மூணு விஷயம் விதியில எழுதினாப் போதும். சிட்டிங் அதிபரா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டு விவாதம். ஒரே பேருதான் வந்திருக்குன்னாலும் பிரைமரியை ரத்து பண்ணக் கூடாது. எல்லா மாநிலத்துலயும் மிச்சிகன் மாதிரி ஒரு 'யாரும் இல்லை' கட்டம். நெவாடாவுல 70-கள்லருந்தே அப்படி ஒண்ணு இருக்கு. 2024 குடியரசுக் கட்சி பிரைமரியில நிக்கி ஹேலி அந்த 'யாருமில்லை'கிட்ட தோத்தே போனாங்க, 63-க்கு 30. மானம் போச்சுதான், ஆனா தகவல் கிடைச்சுதா இல்லையா? ரெண்டு கட்சியும் தயாரா இருக்காதுன்னு தெரியும். 22-ஆவது திருத்தத்தால ட்ரம்ப் மறுபடி நிக்க முடியாதுங்கறதால, எல்லாம் முறைப்படி நடந்தா இந்தப் பிரச்சினை அடுத்து வரப்போறது 2032-லதான். அவசரம் இல்லாதப்பதான் விதியை எழுதணும். அவசரம் வந்தப்புறம் எழுதினா யாரையாவது மனசுல வச்சுத்தான் எழுதுவாங்க.

நவம்பர்ல மிச்சிகன் ட்ரம்புக்குப் போச்சு, சுமார் 80 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல. 'அன்கமிட்டட் 1 லட்சம், வித்தியாசம் 80 ஆயிரம், பாத்தியா'ன்னு அடுத்த நாள் ஆபீஸ்ல ஒருத்தர் கணக்குப் போட்டாரு. ரெண்டு நம்பரைப் பக்கத்துல வச்சா காரணம் ஆயிடாது, அந்த ஒரு லட்சத்துல எத்தனை பேரு நவம்பர்ல என்ன பண்ணினாங்கன்னு யாருக்குத் தெரியும். எங்க லீடு அம்மா கமலாவுக்குத்தான் போட்டாங்க. அவங்களே சொன்னாங்க, நான் கேக்கல.

"பிப்ரவரியில நான் எழுதின பக்கை யாராவது தொறந்தாவது பாத்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க.

அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டேன். இன்னமும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கார் ஷெட்டுக்குப் போய், வண்டியைத் தொடச்சு வச்சுட்டு வர்றாராம். சாவி இவங்க ஹேண்ட்பேக்லதான் இருக்கு.